ஆறுதலா அவியிற கௌபி

கன நாளைக்குப் பிறகு எழுதுறன். இண்டைக்கு எனக்கு லீவு. வெள்ளிக்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை. ரெஸ்டோரன்டில வேலை செய்யிறவனுக்கு வெள்ளிக்கிழமை எங்க லீவு கிடைக்கப்போகுது? ஊரெல்லாம் சாப்பிட வாற நாளெல்லோ அது.

மங்காஃபில நாங்கள் இருக்கிற பிளாட்டில மூண்டு அறை, எட்டுப் பேர், ஒரு குசினி, ரெண்டு அடுப்பு. காலமை ஒன்பதரைக்கு நான் ஸ்லோ குக்கரைச் சுவரில செருகிப்போட்டு வந்து இருக்கேக்க, கும்பகோணத்துத் தம்பி எட்டிப்பார்த்துச் சொன்னான்: "அண்ணே, இன்னைக்கும் பயறா? லீவு நாள்ல மட்டன் இல்லாம என்னண்ணே சாப்பாடு?"

அவனுக்கு வாயால சொன்ன மறுமொழி சின்னன். மிச்சத்தை இங்க எழுதுறன். இது சமையல் குறிப்பு மட்டும் இல்லை. எங்களைப் போல அறைகளில கூட்டமாக் கிடக்கிற ஆக்கள் என்ன சாப்பிடுகினம், அதை எங்க வைச்சு, எப்பிடிச் சமைக்கினம் எண்டதில எனக்குச் சில உறுதியான கருத்துகள் இருக்கு. சிலருக்குப் பிடிக்காமலும் போகலாம்.

முதலில என்ர கதை கொஞ்சம். நான் பின்னேரம் நாலு மணிக்கு வேலைக்குப் போனால் இரவு ஒரு மணி, ரெண்டு மணிக்குத்தான் திரும்பி வருவன். ஒன்பது, பத்து மணித்தியாலம் மற்ற ஆக்களுக்குச் சமைச்சுப்போட்டு எனக்கெண்டு சாப்பிடுறது எது தெரியுமோ? மிஞ்சின ஃபிரைட் ரைஸ், காய்ஞ்சு போன பரோட்டா, ஒரு கோலா. அஞ்சு வருசம் இப்பிடித்தான் போச்சுது. 2021இல ரத்தம் சோதிச்ச இடத்தில டொக்டர் கடதாசியைப் பார்த்துப்போட்டு, "நீங்க என்ன வேலை?" எண்டு கேட்டார். "சமையல்" எண்டன். சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரேல்லை. மூண்டு மாதச் சராசரி சர்க்கரை 8.4.

இங்க வேலை செய்யிற எங்கட ஆக்களில நாப்பது தாண்டினவையிட்ட ஒருக்காக் கேட்டுப்பாருங்கோ. சீனி, பிரஷர், ரெண்டில ஒண்டு இல்லாத ஆள் அருமை. வருத்தம் வந்தால் வேலை போகும், வேலை போனால் இகாமா போகும். ஊரில இருக்கிறவனுக்கு நீரிழிவு ஒரு வருத்தம். எங்களுக்கு அது நாட்டை விட்டு வெளிக்கிடச் சொல்லுற கடிதம். அதிலயும் எனக்குத் திரும்பிப் போய் நிக்கிறதுக்குச் சொந்தமா ஒரு முற்றம் இல்லை. குவைத் 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்காத நாடு. தாளில நான் இங்க வேலைக்கு வந்தவன், அவ்வளவுதான். அதால சாப்பாட்டை நான் விளையாட்டா எடுக்கிறேல்லை.

அந்த நேரத்திலதான் ஸ்லோ குக்கர் வந்தது. நாட்டை விட்டு முடிச்சுக்கொண்டு போன ஒரு பிலிப்பைன்ஸ்காரர் தந்தவர். மூண்டரை லீற்றர், உள்ளுக்கு மண்சட்டி மாதிரி ஒரு சட்டி, மேல கண்ணாடி மூடி, கீழ மூண்டு குறி: லோ, ஹை, வோர்ம். முதல் ஒரு மாதம் அதைக் கட்டிலுக்குக் கீழ தள்ளி வைச்சிருந்தன். "வேலையில்லாத வெள்ளைக்காரன்ர சாமான்" எண்டு நினைச்சன்.

பிறகு தேடி வாசிச்சுப் பார்த்தால் கதை வேற. இந்தச் சாமானை உண்டாக்கினவர் இர்விங் நாக்ஸன் எண்ட அமெரிக்க யூதர். 1940இல அவருக்குக் காப்புரிமை கிடைச்சது. அவரின்ர தாய்வழி ஆக்கள் லித்துவேனியாவிலயிருந்து போனவை. அங்க வெள்ளி பொழுது பட்டால் அடுப்பு மூட்டக் கூடாது எண்டது அவையின்ர சமய வழக்கம். அதால பயறும் இறைச்சியும் போட்ட பானையை ஊர் வெதுப்பகத்துக்குக் கொண்டுபோய், அணையப்போற போறணைக்குள்ள வைச்சுவிடுவினம். மிச்சச் சூட்டில இரவிரவா அது அவியும். அடுத்த நாள் எடுத்துச் சாப்பிடுவினம். தாய் சொன்ன அந்தக் கதையை வைச்சுத்தான் அவர் இதைச் செய்தவர். முதல் அதுக்கு வைச்ச பெயரே பயறு அவிக்கிற சட்டி எண்ட கருத்தில 'பீனரி'. 1970இல இன்னொரு கொம்பனி வாங்கி, 1971இல 'குரொக்பொட்' எண்டு பெயர் மாத்தி வித்தது. வீட்டுக்கு வெளியில வேலைக்குப் போன பெண்களுக்கு அது பெரிய உதவியாப் போச்சுது.

அப்ப பாருங்கோ, இது வேலையில்லாதவன்ர சாமான் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில நிக்க ஏலாதவன்ர சாமான்.

இங்க அரபு நாடுகளிலயும் அதுதான் கதை. எகிப்துக்காரரின்ர ஃபூல் மெதம்மஸ் இருக்கெல்லோ (பெயரைத் தமிழில கவனமா உச்சரியுங்கோ!), அந்தக் காலத்தில கெய்ரோவில பொதுக் குளிப்பறைகளுக்குத் தண்ணி சூடாக்கிற நெருப்பின்ர தணலுக்குள்ள பானையைப் புதைச்சு வைச்சு இரவிரவா அவிப்பினமாம். குவைத்காரர் குளிர் காலத்தில விரும்பிச் சாப்பிடுற 'நகி' எங்கட வெள்ளைக் கடலைதான். 'பாஜில்லா' எண்டது காய்ஞ்ச ஃபூல் கொட்டை. ரெண்டும் பெரிய பானையில மெல்லிய சூட்டில கிடக்கும். நல்ல வட இந்தியக் குசினிகளில முழு உழுந்தைத் தந்தூரி அடுப்பின்ர மிச்சத் தணலில விடிய விடிய வைச்சுத்தான் தால் மக்கனி செய்வினம். பெரிய ஹோட்டலில அதுக்கு என்ன விலை எண்டு எனக்குத் தெரியும், நான் தான் கோப்பையில ஊத்தி அனுப்புறனான்.

ஏன் அங்க போவான், எங்கட வீட்டையே சொல்லுறன். 1990இல சண்டை திரும்பத் தொடங்கின பிறகு யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையால மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. எனக்கு அப்ப ஒன்பது வயசு. அம்மா மரத்தூள் அடுப்பு மூட்டுவா. பழைய தகர டின்னின்ர அடிப்பக்கத்தில ஒரு ஓட்டை. நடுவில ஒரு போத்தலை நிமித்தி வைச்சு, சுத்திவர மரத்தூளை நல்லா இடிச்சு இறுக்கிப்போட்டு, போத்தலை மெல்லமா உருவி எடுத்தால் நடுவில குழாய் மாதிரி வரும். கீழ ஒரு கொள்ளியை வைச்சால் மணித்தியாலக் கணக்கா புகைஞ்சு புகைஞ்சு எரியும். அதுக்கு மேல கௌபிப் பானை. நாங்கள் பள்ளிக்கூடத்தால வர அவிஞ்சிருக்கும். "அவசரப்படாதை, ஆறுதலா அவியட்டும்" எண்டுவா. (தமிழ்நாட்டு ஆக்களுக்கு: எங்கட ஊரில 'ஆறுதலா' எண்டால் மெதுவா.) 95இல வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு ஓடேக்கையும் அந்தத் தகர டின் சைக்கிளில தொங்கிக்கொண்டு வந்தது. அப்ப அதைப் பார்க்க எனக்கு வெக்கமா இருந்தது.

சரி, விசயத்துக்கு வருவம். இவ்வளவு புளுகினனான், இனி நான் விட்ட பிழையையும் சொல்லத்தானே வேணும்.

ஸ்லோ குக்கர் பழகின புதுசில சிவப்பு ராஜ்மா ஒரு கிலோ வாங்கினன். இரவு ஊற வைச்சன், காலமை அப்பிடியே சட்டியில போட்டு 'லோ'வில விட்டன். பின்னேரம் பார்த்தால் கொஞ்சம் கடினம், எண்டாலும் தின்னலாம் போல இருந்தது. நானும் இன்னும் ரெண்டு பேரும் சாப்பிட்டம். ரெண்டு மணித்தியாலம் போகேல்லை, மூண்டு பேரும் குளியலறை வாசலில வரிசை. சத்தி எண்டால் குடலே வெளிய வாற மாதிரிச் சத்தி, பிறகு வயித்தோட்டம். கும்பகோணத்துத் தம்பிக்கு அண்டைக்கு இரவு வேலை. போக முடியேல்லை. ஒரு நாள் சம்பளமும் போய், சொல்லாமல் நிண்டதுக்கு ஏச்சும் வாங்கினான். அவன் இண்டைக்கு மட்டன் கேக்கிறதில நியாயம் இல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?

எனக்கு இதில வெக்கம் என்னெண்டால், நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில விஞ்ஞான பீடத்தில மூண்டு வருசம் இருந்தவன். 2006 ஆவணியில பாதை பூட்டினதோட படிப்பும் நிண்டது. கடல் கடந்து இராமேஸ்வரம், பிறகு முகாம், அதெல்லாம் வேற கதை. லெக்டின் எண்ட புரதம் பற்றி விரிவுரையில எழுதின ஞாபகம் கூட இருக்கு. சட்டிக்கு முன்னால நிக்கேக்க அது நினைவுக்கு வரேல்லை, அவ்வளவுதான்.

விசயம் இதுதான். பச்சை ராஜ்மாவில ஃபைட்டோஹீமாக்ளுட்டினின் எண்ட நஞ்சு இருக்கு. நாலைஞ்சு பச்சைக் கொட்டையே ஒரு ஆளைப் படுக்க வைக்கப் போதும். நல்லாக் கொதிக்க வைச்சால் அது அழிஞ்சு போகும். ஆனால் ஸ்லோ குக்கர் 'லோ'வில கிடக்கேக்க உள்ளுக்குச் சூடு சிலவேளை 75 பாகையைக் கூடத் தாண்டாது. இன்னும் மோசம், 80 பாகை அளவில அரைகுறையாச் சூடாக்கினால் நஞ்சு பச்சைக் கொட்டையில இருக்கிறதை விட ஐஞ்சு மடங்கு வரை கூடலாம் எண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின்ர கைநூல் சொல்லுது. நான் அண்டைக்குச் செய்தது சமையல் இல்லை, நஞ்சைத் தட்டி எழுப்பினது.

ஆகவே என்ர முதலாவது கருத்து: ராஜ்மாவை ஒரு காலமும் நேராக ஸ்லோ குக்கருக்குள்ள போடாதேங்கோ. குறைஞ்சது ஐஞ்சு மணித்தியாலம் ஊற வைச்சு, அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு, புதுத் தண்ணியில அடுப்பில தளதளவெண்டு கொதிக்க விடுங்கோ. பத்து நிமிசம் போதும் எண்டு சிலர் சொல்லுகினம், அரை மணித்தியாலம் எண்டு அமெரிக்கர் சொல்லுகினம். நான் அரை மணித்தியாலம். பிறகுதான் சட்டிக்குள்ள. வெள்ளை ராஜ்மாவில நஞ்சு மூண்டில ஒரு பங்குதான், எண்டாலும் அதுக்கும் இதே சட்டம். பிரஷர் குக்கர் வைச்சிருக்கிறீங்களோ? ராஜ்மாவை அதிலயே அவியுங்கோ, பிரச்சினையே இல்லை. டின்னில வாறது ஏற்கெனவே அவிஞ்சது. அதுக்கு நஞ்சுப் பயம் இல்லை, உப்புத்தான் கூட. தண்ணியை வடிச்சு நல்லாக் கழுவினால் உப்பில கணிசமான பகுதி போயிடும்.

கௌபி, கடலை, பயறு, பருப்பு இதுகளில இந்த ஆபத்து ராஜ்மா மாதிரி இல்லை. எங்கட சனம் காலங்காலமா அவிச்சுத் தின்ன தானியங்கள் பெரும்பாலும் இதுகள்தான். எண்டாலும் நான் இப்ப எல்லாத்தையும் ஒருக்காக் கொதிக்க வைச்சுத்தான் சட்டிக்குள்ள போடுறன். பத்து நிமிசம் அடுப்பு கிடைச்சால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை ஃபூல் கொட்டைக்கு. ஜி6பிடி எண்ட நொதியம் பிறப்பிலயே குறைவான ஆக்கள் இருக்கினம். அவை இந்தக் கொட்டையைச் சாப்பிட்டால் இரத்தச் சிவப்பணு உடையும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், ஆள் ஆஸ்பத்திரியில. வளைகுடா நாட்டு ஆக்களிட்ட இது கூட, எங்கட ஆக்களிலயும் இருக்கு. ஆருக்காவது சின்ன வயசில அப்பிடி வந்ததெண்டால் ஃபூலைத் தொடாதேங்கோ.

இப்ப என்ர கௌபி முறை. ரெண்டு சுண்டுக் கௌபி, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வேலைக்குப் போக முதல் தண்ணியில போட்டிட்டுப் போவன். வெயில் காலத்தில குளிர்சாதனப் பெட்டிக்குள்ள வைச்சு ஊற விடுங்கோ, வெளியில வைச்சால் மங்காஃப் வெக்கைக்கு நுரைச்சுப் போகும். காலமை அந்தத் தண்ணியை ஊத்திக் கழுவி, பத்து நிமிசம் கொதிக்க வைச்சு, கொதிச்ச தண்ணியோடயே சட்டிக்குள்ள. கொட்டைக்கு மேல ரெண்டு விரல் தண்ணி நிக்கவேணும். ஒரு வெங்காயம், நாலு பல்லு உள்ளி, கறிவேப்பிலை, மஞ்சள். சட்டியில அரைவாசிக்குக் குறையக் கூடாது, முக்கால் தாண்டக் கூடாது. 'ஹை'யில மூண்டரை, நாலு மணித்தியாலம். மூடியை அடிக்கடி திறந்து பார்க்காதேங்கோ, ஒவ்வொரு திறப்புக்கும் கால் மணித்தியாலச் சூடு போகும். புளி, தக்காளி, தேசிக்காய் எல்லாம் கடைசியில. முதலே போட்டால் புளிப்புக்குத் தோல் இறுகி அவியாது.

அவிஞ்ச பிறகு அரைவாசியைத் தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், கடுகு தாளிச்சுப் பிரட்டி எடுப்பன். மற்ற அரைவாசி அடுத்த நாளுக்கு, சின்னச் சின்னப் பெட்டியில போட்டுக் கெதியா ஆற வைச்சு குளிர்சாதனப் பெட்டிக்குள்ள. திரும்பச் சூடாக்கிறது அடுப்பில, ஸ்லோ குக்கரில இல்லை. அது சூடேற எடுக்கிற நேரத்தில கிருமி குடும்பம் நடத்திப்போடும்.

ஒரு கோப்பை அவிச்ச கௌபியில 13 கிராம் அளவில புரதம் இருக்கு, நார்ச்சத்தும் நிறைய. சோறு மாதிரிச் சடாரெண்டு சர்க்கரையை ஏத்தாது. பயறில குறையிற அமினோ அமிலம் அரிசியில இருக்கு, அரிசியில குறையிறது பயறில இருக்கு. அதால ஒரு பிடி சோறும் ரெண்டு பிடி கௌபியும் நல்ல சோடி. முழுக்க மரக்கறிக்காரர் எண்டால் பி12 பயறில இல்லை எண்டதை மறக்காதேங்கோ. லபன், தயிர் குடியுங்கோ.

"கௌபி தின்னு சுகமாயிட்டன்" எண்டு நான் பொய் சொல்ல மாட்டன். குளிசை போடுறன், கோலாவை விட்டிட்டன், கடற்கரையில நடக்கிறன். எல்லாம் சேர்ந்து 8.4 இப்ப 6.9இல நிக்குது. கௌபிக்கும் அதில பங்கு இருக்கு எண்டது என்ர நம்பிக்கை.

இனிச் சொல்லப்போறதுதான் எனக்கு முக்கியமானது.

2024 யூன் 12, விடியப்புறம். எங்கட இடத்திலயிருந்து நாலைஞ்சு தெரு தள்ளி, தொழிலாளர் இருந்த கட்டடம் எரிஞ்சது. ஐம்பது பேர் அளவில செத்துப்போச்சினம். பெரும்பாலும் இந்தியர், கேரளத்து ஆக்கள் கூட, தமிழ்நாட்டு ஆக்கள் ஏழு பேர். நெருப்பை விடப் புகைதான் கூடப் பேரைக் கொண்டது. கீழ்த்தளத்தில காவலாளி அறையில மின்கசிவு எண்டு தீயணைப்புப் படையின்ர விசாரணை சொன்னது. ரெண்டு நாளைக்குப் பிறகு 45 உடலோட இந்திய விமானப்படை விமானம் கொச்சியில இறங்கினதை ரெஸ்டோரன்ட் டீவியில பார்த்துக்கொண்டு நிண்டன். கையில வெங்காயம் வெட்டினபடி. எங்கட குசினியில ஒருத்தரும் அண்டைக்குக் கதைக்கேல்லை.

அதுக்குப் பிறகு கட்டடங்களில சோதனை நடந்தது, நல்லது. ஆனால் கன இடங்களில, எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிற ரெண்டு மூண்டு கட்டடம் உட்பட, பொறுப்பாக்கள் எடுத்த முதல் முடிவு என்ன தெரியுமோ? "அறையில சமையல் தடை." பானை சட்டி எல்லாத்தையும் தூக்கி வெளியில வைச்சினம். படியில அடைச்சிருந்த சாமான் அப்பிடியே இருந்தது. ஒரு பிளக்கில ஆறு வயர் தொங்கினதும் அப்பிடியே. மொட்டைமாடிக் கதவுத் திறப்பு ஆரிட்ட எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

என்ர ரெண்டாவது கருத்து இதுதான்: கட்டில் பக்கத்தில அடுப்பு இருக்கக் கூடாது எண்டது சரி. நானும் அதுக்கு ஆதரவு. ஆனால் சமைக்க ஒரு இடம் தராமல் சமையலைத் தடுக்கிறது பாதுகாப்பு இல்லை. சமையல் நிண்ட அறையில ஆக்கள் என்ன சாப்பிடுகினம்? குபூசும் கோலாவும், எண்ணெய்ப் பரோட்டாவும். சம்பளத்தில ஒரு பங்கு சாப்பாட்டுக் கடைக்கு, பிறகு ஒரு பங்கு மருந்துக் கடைக்கு. நெருப்பு ஒரு நாளில கொல்லுது. இது பத்து வருசத்தில கொல்லுது, அது செய்தியில வராது.

எண்டபடியால் கேக்க வேண்டியது ஒழுங்கான குசினி, ஒழுங்கான வயரிங், திறக்கிற கதவு. இது ஒண்டும் சலுகை இல்லை.

எங்கட பக்கத்துப் பொறுப்பும் இருக்கு. நானும் முதல் எல்லாரையும் போல ஸ்லோ குக்கரை இரவில போட்டிட்டுப் படுக்கிறனான். அதுக்காகத்தானே செய்தது எண்டு விளம்பரமும் சொல்லுது. 2024க்குப் பிறகு விட்டிட்டன். இப்ப பகலில, நான் முழிச்சிருக்கேக்க மட்டும். இது இருநூறு வாட்ஸ் அளவில இழுக்கிற சாமான், மின்சார ஹொட்பிளேட் அதைப்போல ஐஞ்சாறு மடங்கு இழுக்கும். எண்டாலும் நேரடியாச் சுவர் பிளக்கில மட்டும், நீட்டு வயரில இல்லை. கீழ மட்டமான கல்லு, சுத்திவரத் துணி, கடதாசி இல்லை. அமெரிக்காவில இருந்து ஆரும் அனுப்பின 110 வோல்ட் சாமானை இங்கத்தைய 240இல செருகாதேங்கோ. கரண்ட் போய் வந்தால் கவனம். 2024 கோடையில இங்கயே பகுதி பகுதியா கரண்ட் நிப்பாட்டினவை, 2025இலயும்தான். நீங்கள் இல்லாத நேரம் எவ்வளவு நேரம் நிண்டது எண்டு தெரியாட்டில், பார்க்க நல்லா இருந்தாலும் கொட்டுங்கோ. கௌபி கிலோ ஒரு தினாரும் இல்லை.

"பிரஷர் குக்கரில இருபது நிமிசத்தில முடியிற வேலைக்கு நாலு மணித்தியாலமோ?" எண்டு மட்டக்களப்பு அண்ணன் எப்பவும் கேப்பார். சரியான கேள்வி. ஆனால் எட்டுப் பேருக்கு ரெண்டு அடுப்பு இருக்கிற இடத்தில, இருபது நிமிசம் அடுப்புக்கு முன்னால நிக்கிற உரிமை கிடைக்கிறதுக்கே ஒரு மணித்தியாலம் வேணும். இது ஒரு மூலையில தன்ர பாட்டில கிடக்கும். அந்த நாலு மணித்தியாலத்தில நான் உடுப்புத் தோய்ச்சன், அம்மாவோட கதைச்சன், இதை எழுதினன்.

அம்மாவிட்ட ஸ்லோ குக்கரைக் காட்டினன், போனில. கண்ணாடி மூடிக்குள்ளால பார்த்துப்போட்டு, "எங்கட மரத்தூள் அடுப்புத்தானே, புகை இல்லாமல்" எண்டா. "உப்பைக் கடைசியாப் போடு" எண்டும் சொன்னா. கடைசியாத்தான் போட்டன்.

ரெண்டு மணியாச்சுது. கும்பகோணத்துத் தம்பி கோப்பையோட வந்து நிக்கிறான். மட்டன் எண்டு ஒண்டும் இப்ப கதைக்கேல்லை. "அண்ணே, இது கொதிக்க வச்சதுதானே?" எண்டு மட்டும் கேட்டான்.

கேக்கத்தான் வேணும். நீங்களும் கேளுங்கோ.